பார்க்காத சரக்குக்கு ஏலம் கேட்கும் முன்

பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி, தொண்டி என்று எந்தக் கரையில் நின்று பார்த்தாலும் மீன் ஏலத்தின் ஒழுங்கு ஒன்றுதான். மீன் கூறு கூறாகக் கண்முன்னே கிடக்கும். செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பார்கள். விற்கிறவர் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்பது தெரியும். ஏலக்காரர் கமிஷன் எடுத்துக்கொண்டு, பணத்துக்குப் பொறுப்பாக நடுவில் நிற்பார். சரக்கு, ஆள், பணம் மூன்றும் ஒரே மணலில் இருப்பதால் அங்கே ஏமாற்ற இடம் குறைவு.

இணைய ஏலத்தில் இந்த மூன்றும் மூன்று இடத்தில் இருக்கின்றன. சரக்கு படமாகத் தெரிகிறது, ஆள் ஒரு பயனர் பெயராகத் தெரிகிறார், பணம் எங்கோ ஒரு கணக்குக்குப் போகிறது. ஏமாற்றுக்காரர் வேலை செய்வது இந்த இடைவெளிகளில். விலையை ஏற்றிவிடும் தில்லுமுல்லில் ஆயிரம், ரெண்டாயிரம் கூடப் போகும். ஏலம் முடிந்தபின் பணம் அனுப்பச் சொல்லும் அந்த அரைமணி நேரத்தில்தான் கைப்பணம் முழுசாகப் போகிறது. ஆகவே ஏலம் கேட்பதற்கு முன்பே மூன்றையும் தனித்தனியாகச் சோதித்துவிட வேண்டும். ஒன்று சரியாக இருக்கிறது என்பதால் மற்றது சரியாக இருக்கும் என்று நம்பக் கூடாது. நல்ல இன்ஜினின் படத்தைக் காட்டித்தான் இல்லாத இன்ஜினை விற்கிறார்கள்.

இந்த இராமநாதபுரம் கடற்கரையில் இப்படி ஏலத்தில் தேடப்படும் பொருட்கள் பெரும்பாலும் தொழில் சாமான்கள்: வள்ளத்தின் பின்னால் மாட்டும் பழைய அவுட்போர்டு இன்ஜின், ஜிபிஎஸ், மீன் காட்டும் எக்கோ சவுண்டர், பைனான்ஸ்காரர்கள் பிடித்த லோடு வண்டி. அத்துடன் வலம்புரிச் சங்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது பழுது பார்க்கும் வேலையும் சாமான் வாங்கும் வேலையும் சேர்ந்து வரும். கடலுக்குப் போகும் நாளுக்குள் சாமான் வந்தாக வேண்டும் என்ற அவசரத்தில்தான் பலரும் சோதனையை விட்டுவிடுகிறார்கள்.

ஏலம் நடத்துவது யார்?

முதலில் இதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தனி ஆள் பொருளைப் போட, இன்னொரு தனி ஆள் ஏலம் கேட்கும் தளங்கள் ஒரு வகை. ஈபே இதில் பழையது. அதன் இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. இப்போது இங்கிருந்து வாங்குகிறவர்கள் அதன் வெளிநாட்டுத் தளத்தில்தான் வாங்குகிறார்கள். கடன் கட்டாத வண்டிகளைப் பைனான்ஸ் கம்பெனிகள் விற்கும் ஏலம் இரண்டாவது வகை. கடன் கட்டாதவர் ஈடுவைத்த சொத்தை வங்கிகள் 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி விற்கும் ஏலமும், மத்திய அரசு நிறுவனமான எம்எஸ்டிசி நடத்தும் ஏலங்களும் மூன்றாவது.

இந்த மூன்றிலும் சேராத நான்காவது ஒன்று உண்டு. வாட்ஸ்அப் குழுவிலும் பேஸ்புக்கிலும் “கஸ்டம்ஸில் பிடிபட்ட பைக், படகு, இன்ஜின் ஏலம்” என்று வருவது. இராமேஸ்வரம், வேதாளை, மண்டபம் பக்கம் கடத்தல் சரக்கு பிடிபடுவது அடிக்கடி செய்தியில் வருவதால் இங்கே இது எளிதில் நம்பப்படுகிறது. கஸ்டம்ஸ் பறிமுதல் செய்த பொருளை வாட்ஸ்அப்பில் விற்பதில்லை. எம்எஸ்டிசி போன்ற தளத்தில் பதிவு செய்து, முன்வைப்புத் தொகை கட்டி, அறிவித்த தேதியில் நேரில் போய்ப் பார்த்து, பிறகு ஏலம் கேட்கும் முறை அது. மதுவிலக்கு வழக்கில் பிடித்த வண்டிகளை மாவட்டக் காவல்துறை விற்கும்போதும் அறிவிப்பு வரும், பார்வை நாள் இருக்கும், அரசு ரசீது இருக்கும். பார்வை நாளே இல்லாத அரசு ஏலம் என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

விற்கிறவரின் பழைய கணக்கு

ஈபே போன்ற தளத்தில் விற்பவர் பெயருக்குப் பக்கத்தில் நூற்றுக்கு இத்தனை நல்ல மதிப்புரை என்று ஓர் எண் நிற்கும். அந்த எண்ணை மட்டும் பார்ப்பது வீண். உள்ளே போய்ப் பார்க்க வேண்டியவை வேறு. அந்த மதிப்புரைகள் விற்றதற்கு வந்தவையா, வாங்கியதற்கு வந்தவையா? நூறு ரூபாய் சாமான் இருநூறு வாங்கிப் பேர் சேர்த்துவிட்டு, ஒரே நாளில் பத்து இன்ஜின் ஏலத்துக்குப் போடுகிறவர்கள் உண்டு. இதுவரை எந்த மாதிரிப் பொருள் விற்றிருக்கிறார்? போன் கவர் விற்ற கணக்கு திடீரென அவுட்போர்டு விற்றால், அந்தக் கணக்கை வேறொருவர் கைப்பற்றியிருக்க வாய்ப்பு அதிகம். நடுவில் ஒரு வருடம், இரண்டு வருடம் சத்தமே இல்லாமல் இருந்து இப்போது விழித்துக்கொண்ட கணக்கும் அதே ரகம்.

கெட்ட மதிப்புரைகளைத்தான் பொறுமையாகப் படிக்க வேண்டும். “தாமதமாக வந்தது” என்பது ஒரு குறை. “படத்தில் இருந்தது வேறு, வந்தது வேறு” என்று இரண்டு பேர் எழுதியிருந்தால் அது அவருடைய தொழில்முறை.

உள்ளூர் விளம்பரத் தளங்களில் மதிப்புரை கிடையாது. அங்கே ஆளின் அடையாளத்தையே சரக்காக்கி விற்கிறார்கள். “நான் ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றல் வந்துவிட்டது, அவசரமாகக் கொடுக்கிறேன்” என்ற கதை நாடு முழுக்க ஓடுகிறது. இங்கே உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து தளமும் மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையமும் இருப்பதால் அந்தக் கதைக்கு உள்ளூர்ச் சாயம் பூசுவது எளிது. சீருடைப் படமும் அடையாள அட்டைப் படமும் கேட்காமலே அனுப்புவார்கள். உண்மையான வீரர் யாரும் தன் அடையாள அட்டையை முன்பின் தெரியாதவருக்கு அனுப்பித் திரிவதில்லை. “முகாமுக்குள் விடமாட்டார்கள், அதனால் பார்சலில் அனுப்புகிறேன், போக்குவரத்துச் செலவு மட்டும் முதலில் போடுங்கள்” என்பது அடுத்த வரி. நேரில் பார்க்க முடியாமல் செய்வதற்காகவே அந்தச் சீருடை.

படத்தை நம்புவதற்கு முன்

விளம்பரப் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடினால், அதே படம் வேறு நாட்டில், வேறு விலையில் கிடந்தால் காட்டிக்கொடுத்துவிடும். எதுவும் வரவில்லை என்பதற்காக நம்பிவிடவும் முடியாது. இப்போது படத்தைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்குவது சின்ன வேலை. காகிதத்தில் பெயரும் தேதியும் எழுதிப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கச் சொல்வதும் முன்புபோலப் போதாது. வீடியோ அழைப்பில் பார்ப்பதே வழி. அதிலும் நாம் சொல்கிறபடி செய்யச் சொல்ல வேண்டும்: மூடியைக் கழற்று, நியூட்ரலில் வைத்துப் புரொப்பல்லரைக் கையால் சுற்று, இந்த போல்ட் பக்கம் கேமராவைக் கொண்டு வா. பொருள் கையில் இருக்கிறவருக்கு இது ஐந்து நிமிட வேலை. இல்லாதவருக்கு அன்றைக்கு நெட்வொர்க் சரியாக இருக்காது.

அவுட்போர்டு இன்ஜின்: கேட்க வேண்டியவை

இதில்தான் இங்கே பணம் அதிகம் போகிறது. அதனால் கொஞ்சம் விரிவாக.

சீரியல் எண் தகடு பெரும்பாலான இன்ஜின்களில் படகின் பின்பலகையில் மாட்டும் கிளாம்ப் பிராக்கெட்டில் இருக்கும். தகடு மட்டும் தெரியும் படம் போதாது. தகடும் முழு இன்ஜினும் ஒரே வீடியோ ஓட்டத்தில் தெரிய வேண்டும். தகடு இல்லை, சுரண்டியிருக்கிறது, அதைப் பிடித்திருக்கும் ரிவெட் மட்டும் புதுசாக மின்னுகிறது என்றால் திருட்டு இன்ஜினாக இருக்கலாம். பல மாடல்களில் பிளாக்கிலும் ஒரு சின்ன வட்ட மூடியில் அதே எண் அடிக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். திருட்டு இன்ஜினைத் தெரியாமல் வாங்கினாலும் போலீஸ் வந்தால் இன்ஜின் போய்விடும், பணமும் திரும்பாது.

மூடியில் ஒட்டியிருக்கும் குதிரைத்திறன் எண்ணை நம்பக் கூடாது. சில கம்பெனிகளின் 9.9, 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்குப் பிளாக் ஒன்றேதான். கார்புரேட்டர் போன்ற சில பாகங்களில்தான் வேறுபாடு. 9.9 இன்ஜினுக்கு 15 ஸ்டிக்கர் ஒட்டினால் வெளியே வித்தியாசம் தெரியாது. தகட்டில் இருக்கும் மாடல் குறியீடுதான் உண்மையைச் சொல்லும். அதைக் குறித்துக்கொண்டு கம்பெனி டீலரிடம் கேட்டுவிடலாம்.

அடுத்தது தண்டின் நீளம். இதை விளம்பரத்தில் போடவே மாட்டார்கள். குட்டைத் தண்டு 15 அங்குலம், நீளத் தண்டு 20 அங்குலம். கிளாம்ப் பலகையில் உட்காரும் இடத்திலிருந்து புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு வரை டேப் வைத்து அளந்து காட்டச் சொல்ல வேண்டும். வாங்குகிறவர் தன் வள்ளத்தின் பின்பலகை உயரத்தையும் அளந்து வைத்திருக்க வேண்டும். உயரமான பலகைக்குக் குட்டைத் தண்டு மாட்டினால், வடகடலின் (பாக் விரிகுடாவின்) குட்டை அலையில் பின்பக்கம் தூக்கும்போதெல்லாம் புரொப்பல்லர் காற்றை இழுத்து, வேகம் வராமல் இன்ஜின் மட்டும் கத்தும். இது விற்கிறவர் செய்த மோசடி ஆகாது, ஆனால் நஷ்டம் நஷ்டம்தான்.

ஓட்டிக் காட்டும் வீடியோவைக் குளிர்ந்த இன்ஜினிலிருந்து தொடங்கச் சொல்ல வேண்டும். முன்பே சூடேற்றி வைத்துவிட்டால் ஸ்டார்ட் ஆகாத இன்ஜினும் ஒரே இழுப்பில் பிடிக்கும். ஆகவே கயிற்றை இழுப்பதற்கு முன் மூடியைத் திறந்து சிலிண்டர் தலையில் கையை வைத்துக் காட்டட்டும். தண்ணீர் நிரம்பிய டிரம்மில் இறக்கித்தான் ஓட்ட வேண்டும். தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டினாலே பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்துவிடும். ஸ்டார்ட் ஆன சிறிது நேரத்தில் பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் ஒரே சீராகப் பீச்ச வேண்டும். சொட்டினால் இம்பெல்லர் போயிருக்கும். அல்லது உப்பு கட்டிக் குளிரூட்டும் வழி அடைத்திருக்கும். முதலாவது சின்னச் செலவு, இரண்டாவது பிளாக்கைப் பிரிக்க வைக்கும் செலவு. பிறகு இரண்டு, மூன்று நிமிடம் ஐடிலில் நின்று, முன் கியர், நியூட்ரல், பின் கியர் என்று மாற்றிக் காட்ட வேண்டும்.

சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் வைத்து இரண்டு சிலிண்டரையும் அளந்து காட்டச் சொல்வது நியாயமான கோரிக்கை. எண் எவ்வளவு என்பதைவிட இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருப்பதுதான் முக்கியம். நூற்றுக்குப் பத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிங்கோ பிஸ்டனோ வேலை கேட்கிறது. அடியில் இருக்கும் கியர் ஆயில் திருகைச் சற்றுத் தளர்த்தினால் வரும் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் சீல் போய் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. இரும்புத் துகள் மின்னினால் பல்சக்கரம் தேய்கிறது.

மிக மோசமானது கடலில் மூழ்கி எடுத்த இன்ஜின். துடைத்து, எண்ணெய் போட்டு, ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் படத்தில் புதுசு போலவே இருக்கும். சில மணி நேரம் ஓடவும் செய்யும். பிறகு பேரிங் பிடிக்கும். மின் இணைப்புகளின் பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொன்னால் செம்பில் பச்சை பூத்திருக்கும். ஃபிளைவீலுக்கு அடிப்பக்கம் துரு இருக்கும். போல்ட் தலைகளின் மேல் பெயின்ட் படிந்திருந்தால் அண்மையில் அடித்தது. பெயின்ட் அடித்தது ஏன் என்று கேட்டுப் பதில் வாங்க வேண்டும்.

எக்கோ சவுண்டர் வாங்கும்போது திரை மட்டும் வருகிறதா, தண்ணீரில் இறக்கும் டிரான்ஸ்டியூசரும் சேர்ந்து வருகிறதா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அது இல்லாத திரை ஆழத்தையும் காட்டாது, மீனையும் காட்டாது. வெளிநாட்டு ஏலத்தில் விலை மலிவாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும். துரையா, இரிடியம் போன்ற சாட்டிலைட் போன்கள் வெளிநாட்டு ஏலத் தளங்களில் தாராளமாகக் கிடைக்கின்றன. இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அவற்றை வைத்திருப்பதே குற்றம். இலங்கையை எட்டிப் பார்க்கும் இந்தக் கடலில் அதன் விளைவு வேறு எங்கையும்விடக் கடுமையாக இருக்கும். ஜிபிஎஸ் என்று போட்டுச் செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவியை விற்பதும் உண்டு. மாடல் பெயரை வைத்து அது செய்தி அனுப்புமா, இடம் மட்டும் காட்டுமா என்று பார்த்துவிட்டே கேட்க வேண்டும்.

வலம்புரியில் நடக்கும் மோசடி

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சங்கு தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. அவர்களை ஏமாற்ற முடியாது. ஏமாறுவது வெளியூரிலிருந்து ஏலத்தில் வாங்குகிறவர்களும், இங்கேயே பூஜைக்கு வாங்கும் குடும்பங்களும்.

இணையத்தில் வலம்புரி என்று விற்கப்படுவதில் பெரும் பங்கு நம் கடல் சங்கே இல்லை. அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் கிடைக்கும் மின்னல் வெல்க் என்ற வேறு இனம் அது. அந்த இனத்துக்கு வலம்புரியாகச் சுற்றுவதே இயல்பு. அங்கே அது சாதாரணச் சிப்பி. டெக்சாஸ் மாநிலம் 1987-ல் அதைத் தன் மாநிலச் சிப்பியாக அறிவித்திருக்கிறது. நம் கடல் சங்கான பால்சங்கில் வலம்புரி அபூர்வத்திலும் அபூர்வம். அதனால் ஒரே விற்பனையாளரிடம் சின்னது, நடுத்தரம், பெரியது என்று பத்து வலம்புரி இருந்தாலே சந்தேகப்பட வேண்டும்.

வேறுபாடு வாயின் உட்பக்கம் தெரியும். பால்சங்கின் நடுத்தண்டில், வாய்க்குள் எட்டிப் பார்த்தால், மூன்று அல்லது நான்கு மடிப்புகள் வரப்பு வரப்பாகத் துருத்தி நிற்கும். விரலை விட்டால் தட்டும். மின்னல் வெல்க்கில் அப்படி வரிசையாக இருக்காது. வழவழப்பாகவோ ஒரே ஒரு மெலிந்த மடிப்போடோ இருக்கும். கனமும் குறைவு. ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியது வாயின் உட்புறத்தை வெளிச்சம் அடித்து எடுத்த வீடியோ. “பூஜை செய்த சங்கு, உள்ளே காட்டக் கூடாது” என்று சொன்னால் விட்டுவிடலாம்.

இரண்டாவது தந்திரம் இன்னும் எளிமையானது. சாதாரண இடம்புரிச் சங்கின் படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப் போட்டால் அது வலம்புரியாகத் தெரியும். படத்தில் எழுத்து எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்வார்கள். எழுத்து உள்ள ஒரு தினசரியின் மேல் சங்கின் சுருள் தொடங்கும் நுனி கீழேயும் வால்போல நீளும் பக்கம் மேலேயும் வாய் நம்மைப் பார்த்தும் இருக்கும்படி வைத்து வீடியோ எடுக்கச் சொல்ல வேண்டும். எழுத்து நேராகவும், சங்கின் வாய் நம் வலப்பக்கமாகவும் தெரிந்தால்தான் சுற்று சரி.

சங்கோடு பவளம், கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவற்றையும் சேர்த்துப் போடும் விற்பனையாளரிடம் எதையுமே வாங்கக் கூடாது. கடல் அட்டை 2001-லிருந்தே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து கடல் தேசியப் பூங்கா. வாங்கினவர் மேலும் வழக்கு வரும்.

பைனான்ஸ் வண்டி, வங்கிச் சொத்து

பைனான்ஸ் ஏலத்தில் கம்பெனி உண்மையானதாக இருக்கும், வண்டியும் உண்மையாக இருக்கும். ஏமாறுவது “உள்ளது உள்ளபடி” என்ற ஒற்றை வரியில். படம் எடுத்தபோது இருந்த பேட்டரியும் ஸ்டெப்னியும் வண்டியை எடுக்கும்போது இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டு மதுரையில் இருந்தாலும் திருச்சியில் இருந்தாலும் ஒரு மெக்கானிக்கோடு போய்ப் பார்த்துவிட வேண்டும். இந்த மாவட்டத்தில் ஓடிய லோடு வண்டி என்றால் மீன் ஏற்றியதா என்பது முதல் கேள்வி. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தொட்டிக்கு அடியில் சேசிஸை அரித்திருக்கும். மேலே கறுப்புப் பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள். ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தால் இரும்பு பொடிந்து விழும்.

சேசிஸில் அடித்த எண், ஆர்சியில் உள்ள எண், அரசின் எம்பரிவாகன் செயலியில் வரும் விவரம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். கட்டாத அபராதம், இன்சூரன்ஸ், வரி யார் பொறுப்பு என்பதை ஏல நிபந்தனையில் படிக்க வேண்டும். கடன் நீங்கியதற்கான படிவம் 35, பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஆகியவை எப்போது கைக்கு வரும் என்று கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். பழைய உரிமையாளர் கையெழுத்துப் போடாத நிலையில் பைனான்ஸ் கம்பெனி படிவம் 36 மூலம் தன் பெயருக்கு ஆர்சி எடுத்து மாற்றித் தர வேண்டியிருக்கும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை வண்டி ஓட்ட முடியாமல் வாசலில் நிற்கும்.

வங்கிச் சொத்து ஏலத்தில் நினைவில் வைக்க வேண்டியது கெடு. ஏலம் உறுதியான அன்றோ மறு வேலை நாளுக்குள்ளோ விலையில் கால் பங்கும், மிச்சம் 15 நாளுக்குள்ளும் கட்ட வேண்டும். தவறினால் கட்டியது போய்விடும். இந்தக் கெடுவைத் தெரிந்துகொண்டு “கடன் ஏற்பாடு செய்கிறேன்” என்று வரும் தரகர்கள் இருக்கிறார்கள். கடனுக்கு உறுதி வாங்கிக்கொண்டு ஏலத்துக்குப் போவதே முறை.

விலையை ஏற்றிவிடும் ஆட்கள்

விற்பவரே வேறு பெயரில் வந்து விலையை ஏற்றுவது பழைய வித்தை. சரக்கு விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 64 இதைத் தடுக்கிறது. விற்பவர் தானும் கேட்பேன் என்று முன்பே அறிவிக்காமல் தானோ தன் ஆளோ ஏலம் கேட்டால், வாங்கியவர் அந்த விற்பனையை மோசடி என்று தள்ளிவிடலாம். ஆனால் நிரூபிப்பது வாங்கியவர் வேலை. ஈபேயில் ஏல வரலாற்றைத் திறந்தால், பெயர் மறைத்திருந்தாலும், அந்த ஆள் கேட்ட ஏலங்களில் எத்தனை சதவீதம் இதே விற்பனையாளருடையது என்று காட்டும். நூற்றுக்கு நூறு என்று இருந்து, எதையும் வாங்காமலே போனால் அது கூலி ஆள். சின்னச் சின்னப் படியாக ஏற்றி, நம் உச்ச விலையைத் தொட்டதும் தான் கேட்ட விலையை விலக்கிக்கொள்வதும் அடையாளம்.

இதற்கு மருந்து, உச்ச விலையை முன்பே முடிவுசெய்து, ஈபே போன்ற இடத்தில் கடைசி சில விநாடிகளில் ஒரே ஒரு முறை கேட்பது. வங்கி, எம்எஸ்டிசி ஏலங்களில் இது பலிக்காது. கடைசி நிமிடங்களில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும்.

பணம் போகும் வழி

தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொன்னால், அதற்கு என்ன காரணம் சொன்னாலும், வேண்டாம். தளத்துக்குள் கட்டினால்தான் ஈபேயின் பணம் திரும்பத் தரும் உறுதி செல்லும். பொருள் வரவில்லை என்றால் வர வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 30 நாளுக்குள் சொல்ல வேண்டும். வண்டிகளுக்கு அந்த உறுதி கிடையாது. ஏலத்தில் தோற்ற பிறகு “முதல் ஆள் பணம் கட்டவில்லை, உங்களுக்கே தருகிறேன்” என்று வரும் மின்னஞ்சலும் இதில் சேர்ந்ததே. உண்மையான இரண்டாம் வாய்ப்பு நம் கணக்கின் உள்பெட்டியிலேயே வரும்.

“இடையில் ஒரு பாதுகாப்புக் கணக்கில் பணத்தைப் போடுங்கள், பொருள் கிடைத்ததும் அவருக்கு விடுவார்கள்” என்று சொல்லி ஒரு தளத்தின் இணைப்பை அனுப்பினால், அந்தத் தளமும் அவர்களுடையதே. இடைக்கணக்கு வைக்க வேண்டுமானால் அதை வாங்குகிறவர் தேர்ந்தெடுக்க வேண்டும். வங்கி ஏலம் என்றால் இணைய முகவரியின் முடிவைப் பாருங்கள். ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளையும் டாட் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாறச் சொன்னது. கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பணம் தனி ஆளின் சேமிப்புக் கணக்குக்குப் போகக் கூடாது. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும் முன் கணக்கு எண்ணுக்கு உரியவர் பெயரைக் காட்டும் வசதி இப்போது இருக்கிறது. பெயர் மாறினால் நிறுத்த வேண்டும்.

யுபிஐயில் பணம் வாங்க ரகசிய ‘பின்’ (PIN) எண் தேவையே இல்லை. கியூஆர் ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. “முன்பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன், இதை ஸ்கேன் செய்து பின் போடுங்கள்” என்றால் இன்னொரு முறை பணம் போகப் போகிறது. ஒருமுறை கொஞ்சம் வாங்கியபின் ஜிஎஸ்டி, கேட் பாஸ், இன்சூரன்ஸ் என்று சின்னச் சின்னத் தொகையாகக் கேட்பார்கள். “எல்லாம் திரும்ப வரும்” என்ற சொல் ஒவ்வொன்றோடும் வரும்.

பார்சலில் ஒரு சூது உண்டு. அதே பின்கோடில் வேறொரு முகவரிக்கு எதையாவது அனுப்பிவிட்டு, “டெலிவரி ஆகிவிட்டது” என்ற டிராக்கிங் பதிவைத் தளத்தில் காட்டுவார்கள். ஒரே பின்கோடில் பல கிராமங்கள் வரும் நம் பகுதியில் இது இன்னும் எளிது. கொரியர் அலுவலகத்தில் யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார், எந்த முகவரி என்ற டெலிவரிச் சான்றைக் கேட்டு வாங்கித் தளத்துக்கு அனுப்ப வேண்டும். பொருள் வந்தால் முகவரிச் சீட்டு தெரியும்படி தொடங்கி, ஒட்டுப் பிரிக்காத பெட்டியிலிருந்து கடைசிப் பொருள் வரை ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். நடுவில் வெட்டினால் சான்றாகாது.

பணம் போய்விட்டால்

முதல் அழைப்பு 1930, சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். வங்கிக்கோ விற்றவருக்கோ போன் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் பணம் மூன்று கணக்கு தாண்டிவிடும். அனுப்பிய நேரம், தொகை, எதிர்க் கணக்கு அல்லது யுபிஐ முகவரி, 12 இலக்கப் பரிவர்த்தனை எண் ஆகியவை கையில் இருந்தால், பணம் போய்ச்சேர்ந்த கணக்கை முடக்க முடியும். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்து அந்த எண்ணோடு இராமநாதபுரம் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போகலாம். விளம்பரம், அரட்டை, எதிராளியின் சுயவிவரப் பக்கம் எல்லாவற்றையும் புகார் கொடுக்கும் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். அவர்கள் முதலில் அழிப்பது அவற்றைத்தான். மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதா 318, ஆள்மாறாட்டத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பொருந்தும். நாமே பின் போட்டு அனுப்பிய பணம் என்பதால் வங்கி தன் கையிலிருந்து ஈடு தரும் என்று காத்திருக்க வேண்டாம்.

விற்றது கடையோ கம்பெனியோ என்றால் நுகர்வோர் வழியும் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் இராமநாதபுரத்தில் தாக்கல் செய்யலாம். ஐந்து லட்ச ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. கெடு இரண்டு ஆண்டு. தொழிலுக்கு வாங்கிய இன்ஜின் என்பதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கே பயன்படுத்தும் பொருள் அந்த விலக்கில் வராது என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஒரு வள்ளம் வைத்துத் தானே கடலுக்குப் போகிறவர் அதைத் தயங்காமல் எடுத்துக்காட்டலாம். மீனவர் அட்டையும் வள்ளத்தின் பதிவுச் சான்றும் அங்கே உதவும்.

புகார் கொடுத்த சில வாரங்களில் “உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், செயலாக்கக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்” என்று ஓர் அழைப்பு வரலாம். ஏமாந்தவர்களின் எண்கள் கைமாறி விற்கப்படுகின்றன. 1930-க்கும் சைபர் கிரைம் போலீஸுக்கும் கட்டணம் கிடையாது. அந்த எண்ணையும் அதே புகாரில் சேர்த்துவிடுங்கள்.